கேளாச் செவியும் ஒரு மின்கம்பியும்



காது கேளாத ஒருவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், காதில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியைத்தான் நம்மில் பலர் சொல்வோம். அது நல்ல கருவிதான். ஆனால், அது செய்வதெல்லாம் ஒலியைப் பெரிதாக்குவது மட்டுமே. காதுக்குள் ஒலியை வாங்கிக்கொள்ளும் பகுதியே பழுதாகிப் போனவருக்கு ஒலியை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. திரி இல்லாத விளக்கில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பது போன்றது அது.

இத்தகையவர்களுக்காக வந்ததே 'காக்லியர் இம்பிளாண்ட்' எனப்படும் உட்செவிக் கருவி. மெல்லிய மின்கம்பி ஒன்றை அறுவைச் சிகிச்சை மூலம் காதின் உட்பகுதியில் வைத்து, செவி நரம்பை மின்சாரத்தால் நேரே தட்டி எழுப்பும் முறை இது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், அந்தக் கம்பியை எந்த இடத்தில் வைப்பது? மின்சாரம் பட்டால் ஒலி கேட்கும் என்பது 1800ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அது எங்கே பட வேண்டும் என்பது தெளிவாக ஏறக்குறைய 180 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் பார்க்கப் போகிறோம்.

காதுக்குள் ஓர் ஆர்மோனியம்

முதலில் காதின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வோம். ஒலி வெளிக்காதின் வழியே நுழைந்து செவிப்பறையைத் தட்டுகிறது. அந்த அதிர்வை மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் வாங்கி உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. இதை நத்தைக்கூடு என்றே அழைப்போம். அளவில் ஒரு பட்டாணிக்கு மேல் இராது. சுருளை நிமிர்த்தி நீட்டினாலும் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர்தான். ஒன்றரை அங்குலம்கூட இல்லை.

அந்தச் சுருள் குழாய் நீளவாக்கில் மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டுள்ளது. மூன்றிலும் நீர் நிறைந்திருக்கிறது. நடு அறையின் தளமாக ஒரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வின்மேல் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1851இல் இத்தாலியரான அல்ஃபோன்சோ கோர்ட்டி நுண்ணோக்கியின் உதவியால் இந்தப் பகுதியை விவரித்து எழுதினார். ஒலி வந்து நீர் அசைந்தால் சவ்வு அசைகிறது. சவ்வு அசைந்தால் மயிரணுக்கள் அசைகின்றன. அந்த அசைவை அவை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்குக் கொடுக்கின்றன. நரம்பு அதை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

எல்லா ஒலியும் எல்லா மயிரணுக்களையும் அசைப்பதில்லை. இதை விளக்கிக் காட்டியவர் ஹங்கேரி நாட்டவரான ஜார்ஜ் ஃபோன் பேக்கேஷி. தொலைபேசித் துறையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், இறந்தவர்களின் உட்செவியை எடுத்து, ஒலி அதற்குள் எப்படி அலையாக ஓடுகிறது என்பதைக் கண்ணால் கண்டார். கொசுவின் ரீங்காரம் போன்ற கீச்சொலி, நத்தைக்கூட்டின் வாயிலருகிலேயே அலையை உச்சத்திற்குக் கொண்டு வருகிறது. தவிலின் தொப்பிப் பக்கத்தில் எழும் கனத்த ஒலி, சுருளின் உள்நுனி வரை ஓடி அங்கேதான் உச்சம் அடைகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, நேயர்களே, நம் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் ஓர் ஆர்மோனியம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது எனலாம். எந்தக் கட்டை எங்கே என்பது இயற்கை வகுத்த ஒழுங்கு. காது கேளாதோரில் மிகப் பலருக்குக் கெட்டுப்போவது மயிரணுக்கள்தாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு உயிரோடு காத்துக்கொண்டிருக்கும். அதைத் தட்டி எழுப்ப வேண்டும்; அதுவும் சரியான கட்டையில் விரல் வைத்து எழுப்ப வேண்டும். இனி வரப்போகும் வரலாறு முழுவதற்கும் திறவுகோல் இதுதான்.

வெளியிலிருந்து நரம்புக்கு

மின்கலத்தைக் கண்டுபிடித்த இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்டாவின் பெயரைப் பள்ளி மாணவர்கள் அறிவார்கள். மின்சாரத்தை அளக்கும் 'வோல்ட்' என்ற அலகு அவர் பெயரால் வந்ததே. அவர் 1800ஆம் ஆண்டில் ஒரு துணிகரமான காரியம் செய்தார். இரண்டு உலோகக் கம்பிகளைத் தம் இரு காதுகளிலும் செருகி, அடுக்கி வைத்த மின்கலங்களுடன் இணைத்தார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி பாய்ந்தது. பிறகு கெட்டியான குழம்பு கொதிப்பது போன்ற சத்தம் கேட்டது. இது ஆபத்தானது என்று அஞ்சி அவர் மீண்டும் அதைச் செய்யவில்லை. மின்சாரம் தலைமுழுதும் பரவியதே தவிர, எந்தக் குறிப்பிட்ட இடத்தையும் தொடவில்லை. ஆகவே கிடைத்தது வெறும் இரைச்சல்தான்.

அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாரிஸ் நகரில் அடுத்த பெரிய அடி எடுத்து வைக்கப்பட்டது. ஆந்த்ரே ஜூர்னோ என்னும் உடலியல் அறிஞரும் ஷார்ல் எய்ரியேஸ் என்னும் காது மருத்துவரும் சேர்ந்து இதைச் செய்தனர். நோயினால் இரு காதுகளையும் இழந்த ஒருவருக்கு எய்ரியேஸ் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில், எஞ்சியிருந்த செவி நரம்பின் அடிப்பகுதியில் அவர் ஒரு மின்முனையை வைத்தார். ஜூர்னோ செய்த கம்பிச் சுருள் வெளியிலிருந்து அதற்கு மின்சாரம் அனுப்பியது. நோயாளிக்கு ஒலி கேட்டது. பேச்சின் தாளத்தை அவரால் உணர முடிந்தது. ஒரு சில எளிய சொற்களையும் பயிற்சியால் இனங்கண்டார். ஆனால், கருவி சில வாரங்களில் பழுதாயிற்று. மீண்டும் வைத்ததும் பழுதாயிற்று. எனினும், நரம்பின்மேல் நேரே வைத்தால் மனிதன் ஒலியை உணர்வான் என்பது நிலைநாட்டப்பட்டது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பிளேர் சிம்மன்ஸ் என்பவர் இன்னும் ஒரு படி உள்ளே சென்றார். 1964இல் அவர் அறுபது வயதான ஒருவருக்கு, நத்தைக்கூட்டின் நடுத்தண்டில் துளையிட்டு, நரம்புக்குள்ளேயே ஆறு மின்முனைகளைச் செருகினார். ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு சுருதியாகக் கேட்டது. இடம் மாறினால் சுருதியும் மாறும் என்பது உயிருள்ள மனிதரிடமே தெரிந்துவிட்டது. ஆனால், நரம்புக்குள் ஊசி ஏற்றுவது நரம்பையே காயப்படுத்தக்கூடும். மேலும், அந்த இடம் மூளையைச் சூழ்ந்த நீருக்கு மிக அருகில் இருப்பது; கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்த வழியில் மருத்துவர்கள் தொடர்ந்து செல்லவில்லை.

நத்தைக்கூட்டின் கீழறை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் என்ற மருத்துவர் இருந்தார். பாரிஸ் முயற்சியைப் பற்றிய செய்தித்தாள் துணுக்கு ஒன்றை நோயாளி ஒருவர் அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் துணுக்கு ஹவுஸின் வாழ்க்கையையே மாற்றியது. 1961இல் அவர் வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நத்தைக்கூட்டிற்கு வட்டச் சன்னல் என்று ஒரு சிறு வாயில் உண்டு; மெல்லிய தோலால் மூடப்பட்டது. அதன் வழியாக மூன்று அறைகளில் கீழறைக்குள் கம்பியை நுழைத்தார்.

இது நல்ல தேர்வு என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. கீழறையில் கம்பி செல்லும் அளவுக்கு இடம் இருக்கிறது. நரம்பையோ மயிரணுக்களையோ குத்தாமல், அருகில் படுத்துக்கொண்டு மின்சாரம் அனுப்பலாம். இன்றுவரை உலகெங்கும் கம்பி வைக்கப்படுவது இந்தக் கீழறையில்தான். ஆனால், அந்த முதற்கருவியை நோயாளியின் உடல் ஏற்கவில்லை. சில வாரங்களில் வெளியே எடுக்க நேர்ந்தது. ஹவுஸ் விடவில்லை. உடல் ஏற்கும் பொருள்களுக்காகக் காத்திருந்து, மீண்டும் முயன்றார். 1972இல் அவருடைய நோயாளி ஒருவர் கருவியை அணிந்து வீட்டுக்கே சென்றார். 1984இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை அக்கருவிக்கு அனுமதி வழங்கியது.

ஹவுஸின் கருவியில் ஒரே ஒரு மின்முனைதான் இருந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் தாளம் தெரியும், பாட்டுத் தெரியுமா? 1977இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பில்ஜர் குழுவினர், ஒற்றை முனைக் கருவி பொருத்தியவர்கள் 13 பேரைச் சோதித்து அறிக்கை தந்தனர். காதால் மட்டும் பேச்சைப் புரிந்துகொள்ள அவர்களால் முடியவில்லை. ஆனால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிதாயிற்று. தம் குரலைக் கட்டுப்படுத்திப் பேசவும் முடிந்தது. கேலி செய்தவர்களுக்கு அந்த அறிக்கை பதிலாக அமைந்தது. மேலும் செல்ல வேண்டும் என்பதையும் அதுவே காட்டியது.

கேலி செய்தவர்கள் என்றேன். அவர்கள் சாமானியர்கள் அல்லர். செவித் துறையின் பெரிய அறிஞர்களே. ஆயிரக்கணக்கான மயிரணுக்களும் 30,000 நரம்பு இழைகளும் செய்யும் வேலையை ஒரு சில கம்பிகள் செய்யுமா என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. செய்துதான் காட்ட வேண்டும்.

சிப்பியும் புல்லும்

செய்து காட்டியவர்களுள் முதன்மையானவர் ஆஸ்திரேலியரான கிரேம் கிளார்க். காம்டன் என்னும் சிற்றூரில் மருந்துக் கடை வைத்திருந்த அவருடைய தந்தை காது மந்தமானவர். கடைக்கு வருவோர் தங்கள் உடல் உபாதைகளை எல்லாரும் கேட்க உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தந்தைபட்ட அவதியைப் பார்த்து வளர்ந்த கிளார்க், காது மருத்துவரானார். பிறகு நடத்திவந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போனார். 1969இல் முடித்த ஆய்வில் அவர் கண்டது இது: ஒரே இடத்தில் மின்துடிப்பை விரைவாக அனுப்பி எல்லாச் சுருதியையும் உண்டாக்க முடியாது, ஓர் அளவுக்கு மேல் நரம்பால் அந்த வேகத்தைத் தொடர இயலாது. ஆகவே பல இடங்களில் பல முனைகள் வேண்டும்.

பல முனைகள் என்றால் கம்பி நீளமாக இருக்க வேண்டும். சுருளுக்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். அங்கேதான் தடை. கிளார்க் செலுத்திப் பார்த்த கம்பிகள் சிறிது தூரம் போய் நின்றுவிட்டன. 1977இல் குடும்பத்தோடு மின்னமுர்ரா கடற்கரைக்கு விடுமுறைக்குச் சென்றபோதும் அவருக்கு இதே நினைவு. நத்தைக்கூட்டைப் போலவே சுருண்ட சிப்பி ஒன்று அங்கே கிடைத்தது. புற்களைப் பறித்து அதனுள் செலுத்திப் பார்த்தார். நுனி மெலிந்து வளையும்படியும் அடி விறைப்பாகவும் இருந்த புல், தடையின்றிச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. அதே அமைப்பில் கம்பியைச் செய்தார். வழி பிறந்தது.

1978ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், மெல்பர்ன் நகர மருத்துவமனையில், விபத்தில் காது கேளாமற்போன ஒருவருக்கு அந்தக் கருவி பொருத்தப்பட்டது. பிறகு சோதனையின்போது தேசிய கீதத்தின் மெட்டை அந்தக் கம்பி வழியே அனுப்பினார்கள். அவர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றார். அவர் காதில் விழுந்தது வெறும் இரைச்சலல்ல, அவர் அறிந்த பாட்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? தொடர்ந்து வந்த மாதங்களில், உதட்டைப் பார்க்காமலே சொற்களை இனங்காணவும் அவரால் முடிந்தது.

இந்தப் பெருமை ஒருவருக்கே உரியதன்று. வியன்னா நகரில் இங்கெபோர்க், எர்வின் ஹோக்மைர் தம்பதியர் செய்த பல்முனைக் கருவியை 1977 டிசம்பரிலேயே மருத்துவர் குர்ட் பூரியன் ஒருவருக்குப் பொருத்தியிருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் ராபின் மைக்கேல்சன், மைக்கேல் மெர்செனிக் ஆகியோரும் இதே பாதையில் உழைத்தனர். 1985இல் மெல்பர்ன் வழிவந்த 22 முனைக் கருவிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. 1990இல் பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்தது. 1991இல் பிளேக் வில்சன் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை விட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாக விட்டால் கலப்பதில்லை. பலருக்குப் பேச்சு முன்னைவிட நன்றாகப் புரியலாயிற்று. 2013இல் கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மைர், வில்சன் ஆகிய மூவரும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

எவ்வளவு ஆழம்?

இடம் தெரிந்துவிட்டது. அடுத்து எழுந்த கேள்வி, எவ்வளவு ஆழம் என்பது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி மேலோட்டமாகப் போனால் பால் வராது. சற்று அதிகமாக இறங்கிக் கட்டையில் பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுமுறை அந்த இடத்தில் வெட்ட வராது. இரண்டுக்கும் இடையே ஒரு மயிரிழைதான் கணக்கு. உட்செவியிலும் அப்படித்தான்.

கனத்த ஒலிக்குரிய இடம் சுருளின் உள்நுனி என்று முன்பே பார்த்தோம். கம்பி போதிய ஆழம் போகாவிட்டால் கனத்த ஒலியும் கீச்சொலிக்குரிய இடத்தில் தட்டப்படும். அதனால் முதல் நாட்களில் பேச்சு பொம்மைக் குரல் போலக் கேட்கிறது என்று பலர் சொல்வதுண்டு. மூளை மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. ஆழமாகப் போகட்டும் என்று சிலர் 31 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீளக் கம்பிகளைச் செய்தனர். நரம்புக்கு அருகில் இருக்கட்டும் என்று வேறு சிலர், நடுத்தண்டைத் தழுவிச் சுருண்டுகொள்ளும் கம்பிகளைச் செய்தனர். எது சிறந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால், ஒன்றில் எல்லாரும் ஒத்த கருத்துடையவர்கள். கம்பி சவ்வைக் கிழித்துக்கொண்டு கீழறையிலிருந்து மேலறைக்கு ஏறிவிட்டால், கேட்கும் திறன் குறைகிறது. 1993இல் ஜெர்மனியின் ஹானோவர் நகர மருத்துவர் எர்ன்ஸ்ட் லேன்ஹார்ட், மென்மையாகச் செய்யும் அறுவை முறையை எடுத்துரைத்தார். சிறு துளை, மெதுவான கை, உள்ளே இரத்தமோ எலும்புத் தூளோ புகாத கவனம் ஆகியவையே அதன் சாரம். 1999இல் ஃபிராங்ஃபர்ட்டின் கிறிஸ்டோஃப் ஃபோன் இல்பெர்க் இன்னொரு வழி காட்டினார். கனத்த ஒலி மட்டும் ஓரளவு கேட்பவர்களுக்கு, உள்நுனியைத் தொடாமல் கம்பியைப் பாதியில் நிறுத்தி, இருக்கும் செவித்திறனையும் காப்பாற்றி, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் வழி அது. அமெரிக்காவின் அயோவா நகரில் புரூஸ் கான்ட்ஸ் வெறும் 10 மில்லிமீட்டர் கம்பியையே இதற்குப் பயன்படுத்தினார். ஆளுக்கு ஏற்ற ஆழம் என்பதே இன்றைய பாடம்.

சிலருக்குச் செவி நரம்பே இராது. கட்டியை அகற்றும்போது அதுவும் போய்விடும். அவர்களுக்கு நத்தைக்கூட்டில் கம்பி வைத்துப் பயனில்லை. 1979இல் ஹவுஸும் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் அத்தகைய ஒருவருக்கு மூளைத் தண்டிலேயே மின்முனையை வைத்தனர். நரம்பு போய்ச் சேரும் ஊருக்கே நேரே தந்தி அடித்தது போன்ற செயல் அது.

பெற்றோர் அறிய வேண்டியவை

நேயர்களே, இன்று உலகில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. நம் நாட்டில் 1995இல் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. இதனால் நாம் அறிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, காலம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளுக்குள் கருவி வைத்தால், மூளை ஒலியைப் பேச்சாகப் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பருவம் கடந்தால் கம்பி சரியான இடத்தில் இருந்தும் பலன் குறைகிறது. மூளையுறைக் காய்ச்சல் வந்து காது கேளாமற்போனவர்கள் விஷயத்தில் இன்னும் அவசரம். அக்காய்ச்சலுக்குப் பின் சிலருடைய நத்தைக்கூட்டில் எலும்பு வளர்ந்து வழியே அடைத்துவிடும். பிறகு கம்பி நுழைய இடம் இராது.

இரண்டாவது, உழைப்பு. காயம் ஆறிச் சில வாரங்களுக்குப் பின்னரே கருவியை முடுக்குவார்கள். அன்றிலிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி வேண்டும். தாயும் தகப்பனும் பொறுமையோடு பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கருவி பழைய காதைத் திரும்பத் தந்துவிடாது.

மூன்றாவது, மதிப்பு. 1991இல் அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம், சிறு பிள்ளைகளுக்கு இக்கருவி வைப்பதைக் கடுமையாக எதிர்த்தது. 'நாங்கள் நோயாளிகள் அல்லர். சைகை மொழி எங்கள் மொழி' என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2000ஆம் ஆண்டில் அச்சங்கம், விவரம் அறிந்து முடிவெடுக்கும் பெற்றோரின் உரிமையை ஏற்றுத் தன் அறிக்கையைத் திருத்தியது. சைகை மொழியும் முழுமையான ஒரு மொழிதான். கருவி பொருத்திக்கொண்டாலும் பொருத்திக்கொள்ளாவிட்டாலும் அந்தப் பிள்ளை அறிவில் குறைந்தது அன்று.

ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு விழிக்கும் பிள்ளையை 'மக்கு' என்றோ, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை 'பிடிவாதக்காரன்' என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு மாதக் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பவில்லையா? ஒன்றரை வயதிலும் 'அம்மா', 'அப்பா' என்ற சொல் வரவில்லையா? அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று தள்ளிப் போடாமல், சுகாதார நிலையத்திற்குக் கொண்டுபோய்க் காதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கம்பியை எங்கே வைப்பது என்று கண்டறிய, பலன் உறுதியில்லை என்று தெரிந்தும் தங்கள் காதைக் கொடுத்த நோயாளிகள் பலர். பாரிஸிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஸ்டான்ஃபர்டிலும் மெல்பர்னிலும் அவர்கள் தாங்கிய வலியின் பயனைத்தான் இன்றைய குழந்தைகள் அனுபவிக்கிறார்கள். அந்தப் பயன் நம் தோட்டத்துக் குழந்தைக்கும் உரியது. அது உரிய காலத்தில் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் நாம் எவ்வளவு விரைவில் கவனிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.